ரெஜிலா அச்சிட்ட பாட்டுத்தாள்

கேரள எல்லையோரத்துக் குன்னத்துகால் சந்திப்பில் மருந்துக்கடைக்கும் பஞ்சர் ஒட்டும் கடைக்கும் நடுவே ரெஜிலாவின் அச்சுக்கடை இருக்கிறது. ஒரு கணினி, ஒரு பிரிண்டர், நகல் எடுக்க ஒரு பழைய இயந்திரம், வந்தவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. கடை சிறியதுதான், ஆனால் அங்கிருந்து கோணலாக ஒரு தாள் வெளியே போனதாக யாரும் சொன்னதில்லை. அச்சான தாளின் இடதுபக்கம் அவள் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்ப்பாள். மார்ஜின் மேலும் கீழும் ஒன்றாக இல்லாவிட்டால் தாளைத் திருப்பிப்போட்டு ஓரமாக வைத்துவிட்டு மறுபடி அடிப்பாள். அப்படிக் கழித்த தாள்களின் பின்பக்கத்தில்தான் அவளுடைய மகள் சோனா கணக்குப்போட்டுப் பழகினாள்.

நெய்யாற்றின்கரையில் தட்டச்சுப் படித்தபோது அவளுக்கு வந்த பழக்கம் இது. மலையாளமும் ஆங்கிலமும் அங்கே கற்றது. தமிழை அம்மாவின் வேதப்புத்தகத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டாள். கணவன் ஜெயன் அம்பூரியில் ரப்பர்த் தோட்ட வேலை, சனிக்கிழமைதான் வீடு வருவான். மற்ற நாட்களில் கடையும் வீடும் ஞாயிற்றுக்கிழமைச் சபையும் அவளுடைய உலகம். சபையின் பாட்டுக்குழுவில் பெண்கள் வரிசையில், இரண்டாம் குரலில் பாடுகிறாள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படிப்பது மலையாளம். தமிழ்ப்பாட்டை நன்றாகவே பாடுவார்கள், தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. அதனால் பாட்டுத்தாள் இரண்டு வகையாக இருக்கும். பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்தில், இளையவர்களுக்கு அதே தமிழ் வார்த்தைகள் மலையாள எழுத்தில். வெளியூர் போதகர் யாராவது வந்தால் அந்தத் தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். உள்ளூரில் யாருக்கும் அது வேடிக்கையாகத் தோன்றியதில்லை.

கீபோர்டு வாசிக்கும் நீதுவும் மலையாளத் தாள்காரிதான். தொழிலுறுதி என்கிற நூறுநாள் வேலைக்குப் போகும் சுகுமாரியின் மகள், நர்சிங் படிக்கிறாள். முன்பு வாசித்த அனூஜ் நெய்யாற்றின்கரைக்குக் குடிமாறிப் போன பிறகு, சபை அவளை ஓராண்டு வாசித்துப் பார்க்கச் சொல்லியிருந்தது. விளைச்சலைக் காணிக்கையாக்கும் அறுப்பின் பண்டிகையில் நன்றாக வாசித்தால் கிறிஸ்துமஸுக்கும் அவளே, அதற்குப் பிறகு நிரந்தரமாகவும் அவளே என்று பேச்சு. சுகுமாரி இதை வேலைக்குப் போகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

பண்டிகைக்குப் புதுப்பாட்டு ஒன்றைக் குழுத்தலைவர் சுதீஷ் தேர்ந்தெடுத்தார். அவர் தம் கணினியில் நோட்பேடில் அதைத் தமிழில் அடித்திருந்தார். ஒவ்வொரு வரிக்கும் மேலே கீபோர்டுக்கான கோர்டு எழுத்துகள். எந்தச் சொல்லில் எந்தக் கட்டைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்று அந்த எழுத்துதான் சொல்லும். அது சரியான சொல்லுக்கு மேலே நிற்பதற்காக, சுதீஷ் இடைவெளிக் கட்டையைத் தட்டித் தட்டி ஒவ்வொன்றையும் தள்ளி நிறுத்தியிருந்தார். பயிற்சியின்போது அவரே கிடார் வாசித்தார். நீது அதைக் கேட்டுக் கூடவே வாசித்துக்கொண்டாள். பண்டிகையன்று அவர் குழுவுக்கு முன்னால் நின்று கை அசைக்க வேண்டும், கிடார் கிடையாது. அதனால் தாள் வேண்டும் என்றார். கோப்பு வெள்ளிக்கிழமை ரெஜிலாவுக்கு வந்தது.

தமிழ்த் தாளில் சிக்கல் இல்லை. மலையாளத் தாளுக்காக, எல்லாவற்றையும் ஒரு புதுக் கோப்பில் ஒட்டி, மேலே இருந்த கோர்டு வரிகளை அப்படியே விட்டுவிட்டு, கீழே இருந்த தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாக மலையாள எழுத்தில் அடித்தாள். சேமித்துத் திறந்தபோது எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக நின்றது. சேமிக்கும் முறையை மாற்றாமல் விட்டதால் வந்த வினை. மறுபடி முழுவதும் அடித்து, இந்தத் தடவை யூனிகோடில் சேமித்தாள். அச்சிட்டபோது தாளின் தலையில் கோப்பின் பெயரும் காலில் பக்க எண்ணும் வந்து உட்கார்ந்திருந்தன. பேஜ் செட்டப்பில் ஹெட்டரையும் ஃபுட்டரையும் வெறுமையாக்கினாள். அடுத்து, நீளமான வரிகள் மடங்கிக் கீழே இறங்கின, நான்காவது சரணம் இரண்டாம் பக்கத்துக்குப் போனது. பாடுகிறவர்கள் நடுவில் தாளைத் திருப்ப முடியுமா? மார்ஜினைக் குறைத்தாள். ஃபாண்டை மாற்றி, ஒடுங்கலான ஒன்றைப் போட்டாள். நான்கு சரணமும் ஒரே பக்கத்தில் அடங்கியது. சொற்களை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். ஸ்கேல் வைத்தாள். கோணல் இல்லை.

ஞாயிறு காலை நீதுவின் கையில் தாளைக் கொடுத்தபோது அவள் அதை முகர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

பாட்டு முதல் சரணத்திலேயே தடுமாறியது. குரல் ஒரு பக்கம் ஏறியது, கீபோர்டு ஒரு சொல் முந்தி வேறு பக்கம் இறங்கியது. இரண்டாவது சரணத்தில் ஆண்கள் வரிசை யாரைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றது. காணிக்கையாக வைத்திருந்த வாழைக்குலைகளுக்குப் பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். மூன்றாவது சரணத்தில் சுதீஷ் நீதுவைப் பார்த்து வேண்டாம் என்று கை காட்டினார். நீது கட்டைகளிலிருந்து விரல்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மீதியை வெறும் குரலில் பாடி முடித்தார்கள். வெளியே வந்ததும் சுகுமாரி யாரிடமும் பேசாமல் மகளை முன்னால் நடக்கவிட்டு வீட்டுக்குப் போனாள். ரெஜிலாவுக்கும் பாவமாக இருந்தது. பயந்துவிட்டாள் பிள்ளை என்று ஜெயனிடம் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை, ரப்பர்ப் பால் சங்கத்து பிரதீஷ் ஒரு கோப்பைக் கொண்டுவந்தான். எடை இயந்திரம் தானாக எழுதும் எளிய எழுத்துக்கோப்பு. பெயர் ஒரு வரிசை, எடை ஒரு வரிசை. அச்சிட்டால் எடையெல்லாம் குடித்துவிட்டு நிற்பதுபோல் ஆளுக்கொரு இடத்தில் நின்றது.

"இத சங்கத்துல ஒட்டி வெச்சா எனக்க சட்டைய கிழிப்பாங்க. இன்னாருக்க பால் இன்னாருக்க பேர்ல கெடக்கு."

"எலே, பொறு. எழுத்துக்க தப்பாக்கும், எடைக்க தப்பு இல்ல," என்றாள் ரெஜிலா. அவளுக்கு இது தெரிந்த வியாதி. இயந்திரம் இடைவெளியை எண்ணித்தான் வரிசை கட்டும். எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள ஃபாண்டில் மட்டுமே அந்த வரிசை நிற்கும். ஒல்லியும் தடியுமாக எழுத்துள்ள ஃபாண்டைப் போட்டால் நகர்ந்துவிடும். கூரியர் ஃபாண்டுக்கு மாற்றி அடித்தாள். எடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. பிரதீஷ் தாளை வாங்கிக்கொண்டு, அக்கா ஒரு டாக்டராக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் படி இறங்குவதற்குள் ரெஜிலாவின் கை மௌஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

பாட்டுக் கோப்பைத் திறந்தாள். சுதீஷ் அனுப்பிய தமிழ்க் கோப்பையும் பக்கத்தில் வைத்தாள். தமிழில் முதல் வரியின் கடைசிச் சொல்லுக்கு மேலே நின்ற கோர்டு, அவளுடைய தாளில் நடுச்சொல்லுக்கு மேலே நின்றது. அடுத்த வரியில் இரண்டு கோர்டுகள் ஒரே சொல்லை நெருக்கிக்கொண்டிருந்தன. சில இடங்களில் எழுத்து வெறும் காற்றுக்கு மேலே தொங்கியது. மலையாளச் சொற்களின் அகலம் வேறு, அவள் மாற்றிய ஃபாண்டின் அகலம் வேறு. சுதீஷ் எண்ணி வைத்த இடைவெளிகள் மட்டும் பழையபடியே இருந்தன. சொல்லை எழுத்து எழுத்தாகப் பார்த்தவள், அதற்கு மேலே நின்றதைத் தாளின் அலங்காரம்போல் விட்டுவிட்டாள். நீது தாளில் இருந்ததை அப்படியே வாசித்திருக்கிறாள்.

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். ரெஜிலா போகவில்லை. இடைவெளிக் கட்டையைத் தட்டி ஒப்பேற்றியவர் சுதீஷ்தானே என்று தனக்குத்தானே வாதாடினாள். சங்கீதம் தெரிந்த பிள்ளைக்குக் காது எங்கே போயிற்று என்றும் கேட்டுப் பார்த்தாள். கேட்ட அந்த நேரத்துக்கு அது நியாயமாக இருந்தது, சோறு பரிமாறும்போது இல்லாமல் போனது.

வெள்ளிக்கிழமை பயிற்சியில் நீதுவின் நாற்காலி காலியாக இருந்தது. கீபோர்டின் மேல் துணி மூடியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு அனூஜ் வந்து வாசிக்கச் சம்மதித்துவிட்டான் என்று சுதீஷ் சொன்னார். நீது நல்ல பிள்ளைதான், ஆனால் கூட்டத்தைக் கண்டால் கை விறைக்கிறது என்றார். பிறகு எல்லோரையும் பார்த்து, "ரெஜிலா அடிச்ச பேப்பர் கண்ணாடி மாதிரி இருந்துது. அத வெச்சும் வாசிக்க முடியல்லேங்கி, என்ன செய்யது?" என்றார்.

வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள், பக்கத்தில் நின்றவள் தோளைத் தட்டினாள். ரெஜிலா தலையைக் குனிந்து கையிலிருந்த பாட்டுப்புத்தகத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். பார்த்தவர்கள் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஃபாண்டில் நடந்தது தெரியாமல் செய்தது. இது தெரிந்து செய்தது. அந்த வித்தியாசம் வீடு வரைக்கும் அவளோடு நடந்து வந்தது.

அடுத்து வந்த நாட்களில் கடையில் ஆள் இல்லாதபோதெல்லாம் அந்தக் கோப்போடு மல்லுக்கட்டினாள். கூரியரைப் போட்டுப் பார்த்தாள். ஆங்கில எழுத்துகள் ஒரே அகலத்தில் நின்றன, மலையாள எழுத்துகள் எதற்கும் அடங்கவில்லை. இடைவெளிகளைக் கூட்டியும் குறைத்தும் திரையில் சரிசெய்தால், வேறு கணினியில் மறுபடி கலையும். கடைசியில் மேல்வரியையே எடுத்துவிட்டாள். ஒவ்வொரு கோர்டையும் சதுர அடைப்புக்குள் போட்டு, அது விழ வேண்டிய சொல்லுக்கு முன்னால், அதே வரியில் வைத்தாள். இனி எந்த ஃபாண்டில் அடித்தாலும் சொல் எங்கே போகிறதோ அங்கே கோர்டும் போகும். முன்பே தோன்றியிருக்க வேண்டிய எளிய வழி. சுதீஷின் தமிழ்க் கோப்போடு இரண்டு முறை ஒத்துப் பார்த்தாள்.

யாருக்கும் தெரியாமல் இந்தத் தாளைக் கீபோர்டின் மேல் வைத்துவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. நீது திரும்பி வந்தால் நன்றாக வாசிப்பாள், தப்பு தன்னுடையதுதான் என்று காலம் முழுக்க நம்பிக்கொண்டும் இருப்பாள். ரெஜிலா பழைய தாளையும் புதிய தாளையும் பையில் போட்டுக்கொண்டு கடையைச் சாத்தினாள்.

சுகுமாரியின் வீடு ரப்பர்த் தோட்டத்தைத் தாண்டிச் சரிவில் இருந்தது. சுகுமாரி மரச்சீனிக் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். ரெஜிலா நின்றபடியே இரண்டு தாளையும் காட்டி, நடந்ததைச் சொன்னாள். செவ்வாய்க்கிழமையே தெரியும் என்பதையும், வெள்ளிக்கிழமை வாயைத் திறக்காமல் நின்றதையும் சேர்த்தே சொன்னாள்.

சுகுமாரி கத்தியைக் கீழே வைத்தாள். "செவ்வாய்க்கெழம தெரிஞ்சது, இவ்வளவு நாளும் எங்க கெடந்துது? இந்த வீட்டுக்கு வழி அறியல்லியோ ஒனக்கு?"

"அறியும்."

"எனக்க மொவ பொஸ்தகத்தையும் தொடல்ல, சோறும் திங்கல்ல. நான் அவளத்தான் ஏசினேன். கேட்டியா? நீ ஸ்கேல் வெச்சு அளந்த பேப்பர நெனச்சு, நான் எனக்க பிள்ளைய ஏசினேன்."

உள்ளேயிருந்து வந்த நீது தாள்களை வாங்கிப் பார்த்தாள். பழைய தாளின் முதல் வரியில் விரலை வைத்து, மெல்ல முனகியபடி விரலை நகர்த்தினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்கயே எனக்கு ஒரு சம்சயம் வந்துது அக்கா," என்றாள். "காது வேற ஒண்ணு சொல்லிச்சு. சுதீஷ் அண்ணன் கிடார்ல வேற மாதிரியாக்கும் வாசிச்சது. பின்ன, அக்கா அடிச்ச பேப்பராக்கும், அதுல தப்பு இருக்காதுன்னு நெனச்சேன். எனக்க காதுதான் கெட்டுப்போச்சுன்னு வெச்சு, பேப்பரப் பாத்து வாசிச்சேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். ரெஜிலாவை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அடுத்த பயிற்சியில் பாட்டு தொடங்கும் முன் ரெஜிலா எழுந்து, இரண்டு தாளையும் மேசைமேல் விரித்து, எல்லோர் முன்னிலும் சொன்னாள். சுதீஷ் குனிந்து வெகுநேரம் பார்த்தார். அவருடைய காது சிவந்தது. "கை விறைக்குதுன்னு பறஞ்சது நானாக்கும்," என்றார். அனூஜிடம் தாமே பேசிக்கொள்வதாகவும், கிறிஸ்துமஸுக்கு நீதுவே போதும் என்றும் சொன்னார். பின்வரிசையிலிருந்து விஜயதாஸ், "இனி ரெஜிலாக்க பேப்பர அளக்க நாம ஒரு ஸ்கேல் வாங்கணும்," என்றார். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தனக்கு வர வேண்டியதுதான் என்று ரெஜிலா நின்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அதே பாட்டை மறுபடி பாடினார்கள். நீது துணியை விலக்கி, ரெஜிலாவின் புதிய தாளைத் தாங்கியில் வைத்தாள். சுதீஷ் கையை உயர்த்தியபோது, தாளை எடுத்து அச்சில்லாத பக்கம் தன் பக்கம் வரும்படி திருப்பி வைத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். நான்கு சரணமும் ஓரிடத்தில்கூடத் தடுக்காமல் போயின.

நீதுவுக்குப் பின்னால் நின்ற பெண்கள் வரிசையிலிருந்து ரெஜிலாவுக்கு அந்த வெற்றுத்தாள் மட்டும் தெரிந்தது. அடைப்புக்குள் இருந்த ஒவ்வொரு கோர்டும் சரியாக இருந்தது, அவளே ஒத்துப் பார்த்தது. அதை எடுத்துத் திருப்பி வை என்று சொல்ல அவளுக்கு வாய் ஏது? தன் குரல் வரும் இடம் வந்தபோது தவறாமல் சேர்ந்து பாடினாள்.