பனச்சமூட்டுக்குப் போகாத மூன்று ஞாயிறுகள்

அந்த வருடம் முழுக்க எனக்குத் தூக்கம் வந்துகொண்டே இருந்தது. அமரவிளையில் பஸ் ஏறி உட்கார்ந்தால் திருவனந்தபுரம் தம்பானூரில் கண்டக்டர் எழுப்புவார். இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் வருடம் தெரியாமல் குழம்பிப்போகும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த நேரம் அது. யாரோ எந்தக் காலத்திலோ இரண்டு இலக்கத்தில் எழுதி வைத்த வருடங்களைத் தேடிப் பிடித்து நான்கு இலக்கமாக மாற்றுவதுதான் என் வேலை. காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் இருட்டும்வரை அதேதான். படித்த படிப்புக்கு இதைவிட அரிசியில் கல் பொறுக்கியிருக்கலாம். அதிலாவது கடைசியில் சோறு இருக்கும்.

அந்தச் சலிப்புக்கு எனக்கு இருந்த ஒரே மருந்து ஒரு மின்னஞ்சல் குழு. மொத்தம் அறுபது பேர், எல்லோரும் தமிழ் பேசுகிற புரோகிராமர்கள். ஒருவர் எழுதினால் அறுபது பேருக்கும் போகும். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, நாள் முழுக்க ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டிருப்போம். அமெரிக்காவில் பாதிப் பேர், சிங்கப்பூரில் கொஞ்சம், மிச்சம் என்னைப்போல ஊரோடு கிடந்தவர்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

அங்கே எழுதப்படாத ஒரு சட்டம் இருந்தது. எதையும் நேராகச் சொல்லக் கூடாது. காய்ச்சல் வந்தால் ‘சர்வர் சூடாயிட்டு’ என்று எழுத வேண்டும். கல்யாணம் நிச்சயமானவன் ‘இனி என் மெஷினுக்கு வேற ஆள் பாஸ்வேர்ட் வைப்பாங்க’ என்று அறிவித்தான். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் தன் தனிமையைப் பற்றி உருகி இரண்டு பத்தி எழுதிவிட்டான். ‘தம்பி, இந்த லூப் எங்க முடியுது?’ என்று ஒருவர் கேட்டார். அவ்வளவுதான், ஒரு வாரம் அவனை விடவில்லை. பிறகு அவனும் தேறி, எங்களைவிட மோசமாகக் கிண்டல் அடிக்க ஆரம்பித்தான்.

குழுவில் எனக்கு வாய்த்த கூட்டாளி பனச்சமூட்டுக்காரர் ஒருவர். அமெரிக்காவில் இருந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். பனச்சமூடு எங்கள் வீட்டிலிருந்து வெள்ளறடை பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஊர்க்காரி கிடைத்துவிட்டாள் என்றதும் மனிதர் ஊர்ப்பேச்சிலேயே எழுத ஆரம்பித்தார். ‘மக்கா, இன்னைக்கு சோறு உண்டா, இல்ல பக் மட்டும்தானா?’ என்பார். ‘பக்கு உண்டும். கூட்டானுக்கு மானேஜர ஆக்கும் வச்சிருக்கேன்’ என்று நான் எழுதுவேன். பக் என்பது புரோகிராமில் உள்ள பிழை, கூட்டான் சோற்றுக்குத் தொடுகறி. ‘நீங்க ரெண்டு பேரும் பேசுறதுக்கு யாராச்சும் அடியில தமிழ்ல அர்த்தம் போடுங்கய்யா’ என்று ஒரு மதுரைக்காரர் அழுவார். அந்த மூன்று வரிக்காகத்தான் நான் அந்த வருடம் எழுந்து வேலைக்குப் போனேன் என்று சொன்னால் அதில் பொய் அதிகம் இல்லை.

ஆனால் நான் எப்போதும் ஒரு நாள் பிந்தித்தான் சிரிப்பேன். அதற்குக் காரணம் எங்கள் வீட்டு டெலிபோன். இன்டர்நெட்டும் அதே லைனில்தான். அம்மா விழித்துவிட்டால் போன் அம்மாவுக்கு. அதனால் விடியற்காலை ஐந்தரைக்கு லைன் போட்டு, வந்த கடிதங்களை எல்லாம் ஃபிளாப்பியில் ஏற்றிக்கொள்வேன். ஆபீசில் இன்டர்நெட் மானேஜர் அறையில் மட்டும்தான். மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபிளாப்பியில் உள்ளதைப் படித்து, பதில்களை அதிலேயே எழுதி வீட்டுக்குக் கொண்டுவருவேன். மறுநாள் ஐந்தரைக்கு லைன் கிடைத்ததும் என் மெயில் புரோகிராம் முதலில் என் பதில்களை அனுப்பும். அதற்குப் பிறகுதான் புதியவற்றை இறக்கும். இந்த வரிசையை மாற்ற முடியுமா என்று நான் பார்த்ததே இல்லை. ஊரார் புரோகிராமையெல்லாம் திருத்துகிறவளுக்குத் தன் வீட்டுப் புரோகிராமைத் திறந்து பார்க்க மனம் வரவில்லை.

அக்டோபர் மாதம் வாக்கில் அவர் குழுவில் இப்படி எழுதினார்: ‘மக்கா, எனக்க அப்பாக்க சிஸ்டம் என்ன நெலமைன்னு ஒண்ணு பாத்துச் சொல்லு. போன் போட்டா எப்பவும் ஓகே, ஓகேன்னு ஒரே மெசேஜ் ஆக்கும் வருது. எனக்கு சம்சயமா இருக்கு. ஒரு ஞாயித்துக்கெழமை போய் நேர்ல செக் பண்ணு.’

ஐம்பத்தொன்பது பேரும் பிடித்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு என்ன வெர்ஷன், கேரண்டி முடிந்ததா, ரீஸ்டார்ட் செய்து பார்த்தாயா என்று அன்றைக்கு முழுவதும் ஓடியது. நானும் சும்மா இருக்கவில்லை. ‘பஸ்சு கூலி, உச்சச் சோத்துக்கு மீன்கறி, இது ரெண்டும் உண்டுன்னா வாறேன்’ என்று எழுதினேன். ‘மீன்கறிக்கு அம்மாட்ட சொல்லியாச்சு. நீ வருவேன்னும் சொல்லியாச்சு’ என்று அவர் பதில் போட்டார். அதையும் சிரிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

இப்போது யோசித்தால் எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. ஜனவரி வரை யாருக்கும் லீவு கிடையாது என்று அவருடைய கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். மீறிப் புறப்பட்டால் வேலை போகும், வேலை போனால் விசா போகும். அப்பாவுக்கு உண்மையிலேயே முடியவில்லை என்று தெரிந்தால் அத்தனையையும் போட்டுவிட்டு வரத் தயாராக இருந்தார். தெரிந்தால்தானே? வீட்டில் கேட்டால் சுகம் என்றார்கள். கண்ணால் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வெளியாள் ஒருத்தி வேண்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறார். நேராகக் கேட்கும் பழக்கம் எங்கள் அறுபது பேரில் ஒருவருக்கும் இல்லாமல் போய்விட்டது.

முதல் ஞாயிறு துணி துவைத்தேன். இரண்டாம் ஞாயிறு ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது ஞாயிறு ஒரு வேலையும் இல்லை. படுத்தே கிடந்தேன். வெள்ளறடை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது படுக்கையிலேயே கேட்டது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிப் படுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் மறுபடியும் எழுதினார்: ‘மக்கா, அப்பா சிஸ்டம் செக்கிங் என்னாச்சு? அங்க ஒரு யூசர் மூணு வாரமா வெயிட்டிங்.’

அதைப் படித்தது புதன்கிழமை மத்தியானம். அன்று காலை மானேஜர் என்னை எல்லோர் முன்பும் காய்ச்சி எடுத்திருந்தார். கை துறுதுறுத்தது. ‘எனக்க முன்ன நானூறு புரோகிராம் கியூல நிக்கு. டிசம்பர் முப்பத்தொண்ணு கழிஞ்சு வாறேன். அது வரைக்கும் அவர ஹேங் ஆகாம கெடக்கச் சொல்லும்’ என்று எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே சிரிப்பு வேறு.

வியாழக்கிழமை ஐந்தரைக்கு லைன் கிடைத்தது. என் பதில் போனது. அதன் பின்னால் புதிய கடிதங்கள் இறங்கின. முதலில் இருந்தது அவருடையது: ‘அப்பா போயிட்டாரு. நான் வாறேன்.’

நேராக எழுதப்பட்ட கடிதம் அந்தக் குழுவில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அதற்குக் கீழே இருபது முப்பது பேர் துக்கம் கேட்டு எழுதியிருந்தார்கள். கிண்டல் ஒரு சொல் இல்லை. மதுரைக்காரர்கூட ஒரே வரியில் முடித்திருந்தார். இவை எல்லாவற்றுக்கும் பின்னால் என் கடிதம் இப்போது அறுபது பேருடைய பெட்டியிலும் போய் உட்கார்ந்திருக்கும். மோடம் ஒயரைப் பிடுங்கினேன். போனது போனதுதான். அம்மா எழுந்து வந்து, ‘என்னட்டீ, மொகம் வெளிறிக் கெடக்கு?’ என்று கேட்டாள்.

அன்று ஆபீசுக்குப் போகவில்லை. வெள்ளறடை பஸ்ஸைப் பிடித்தேன். மூன்று ஞாயிறு கிடைக்காத நேரம் அந்த வியாழக்கிழமை கிடைத்தது. பனச்சமூட்டில் இறங்கி இழவு வீடு எது என்று கேட்டுப் போனேன். முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். மெலிந்து, கன்னம் ஒட்டிப்போன முகம். ஒரே ஒருமுறை பார்த்திருந்தாலும் போதும், டாக்டர் வேண்டாம், யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

என் குழுக் கூட்டாளியின் தங்கை என்னை யாரென்று கேட்டாள். சொன்னேன்.

“அமரவெளையிலருந்து வரும்னு அண்ணன் சொன்ன கம்ப்யூட்டர் பிள்ளை நீங்களாக்குமா?” என்றாள். கோபம் ஒன்றும் இல்லை. அழுது ஓய்ந்த குரலில், வாசலோர நாற்காலியைக் காட்டிச் சொன்னாள். “மூணு ஞாயித்துக்கெழமையும் சட்டைய இட்டுட்டு வந்து இந்தக் கசேரியில இருந்தாரு. படுங்கப்பா, படுங்கப்பான்னு சொன்னா கேக்கல்ல. ‘அந்தப் பிள்ளை வரட்டு. எனக்க மவன வரச்சொல்லி அதுட்ட சொல்லி விடணும். நீங்க யாரும் சொல்ல மாட்டிய’ன்னு சொன்னாரு.”

அவள் உள்ளே பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அவனுக்க வேலை போயிரும்னு அம்மதான் சொல்ல விடல்ல. அப்பா இப்பிடிச் சொன்னது அண்ணனுக்குத் தெரியாண்டாம். அவன் தாங்க மாட்டான். கேட்டியளா?”

தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? என் பெயரை நம்பி உட்கார்ந்திருந்த மனிதரை எடுத்துக்கொண்டு போனார்கள். மகன் ஊரில் இல்லாததால் கொள்ளி வைத்தது மூத்த மகளின் பையன்.

அமெரிக்காவிலிருந்து அவர் சனிக்கிழமை வந்து சேர்ந்தார். ஞாயிறு சஞ்சயனம். எலும்பு பொறுக்கும் அந்தச் சடங்கு முடிந்து ஆட்கள் கலையும்வரை நான் முற்றத்தில் ஓர் ஓரமாக நின்றேன். மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக அவரே என்னிடம் வந்தார். எழுத்தில் கண்ட ஆள் இவ்வளவு குள்ளமாக இருப்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை.

“அண்ணே, அந்த மெயிலு…” என்றேன்.

“கிட்டிச்சு மக்கா. டிக்கெட்டுக்காக ஆபீஸ்ல நிக்கும்போ வந்து விழுந்துது. வாசிச்ச ஒடனே சிரிச்சுட்டேன். அப்பா செத்துக் கெடக்காரு, நான் அங்க நின்னுட்டு சிரிக்கேன். பக்கத்துல இருந்த வெள்ளைக்காரன் என்ன ஒரு மாதிரி பாத்தான்.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். களைப்பில் அவர் கண்கள் உள்ளே போயிருந்தன. அவர் கேட்க நினைத்தது வேறு.

“ஒண்ணு கேக்கேன், நேரா சொல்லு. நீ வந்திருந்தா, அப்பா உன்ட்ட என்ன சொல்லியிருப்பாரு?”

அவருடைய தங்கை வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்காவிட்டாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். எனக்கு அவர்மேல் இரக்கம் இருந்தது. என்மேல் அதைவிட அதிகமாக இருந்தது.

“சுகம்னுதான் சொல்லியிருப்பாரு,” என்றேன்.

அவர் ஒருமுறை என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஈர வேட்டியின் முனையைப் பிழிந்தார்.

“அப்போ நீ வந்திருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது, இல்லியா?”

“மாறியிருக்காது அண்ணே.”

“செரி,” என்று அவர் என் தலையில் கை வைத்தார். “அப்போ நீ இதை மனசுல வச்சுக்கிடாண்டாம், மக்கா.”