இருட்டுக்குப் பொறுப்பாளி

கிளெண்டா மகார்ச்சக்கின் வேலையை அவருடைய தங்கை இப்படித்தான் அறிமுகப்படுத்துவாள்: "இருட்டு ரூம்ல உக்காந்து பேய்ப்படம் பார்க்கிறதுக்கு இவளுக்குச் சம்பளம் குடுக்கிறாங்க."

ஹாமில்டன் நகரில் ஒரு கார்பெட் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. பழைய திகில் படங்களைத் தேடிப்பிடித்து, துடைத்து, புதிதாக டிஸ்க்கில் வெளியிடுவோம். நிறம் திருத்துவது கிளெண்டா. வசனங்களைத் திரையடியில் எழுத்தாக ஓடவிடுவது நான். கழுத்துக்கு ஒரு வெந்நீர்ப் பை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, இவை இரண்டும் கிளெண்டாவின் மேசையில் எப்போதும் இருக்கும். ஒரே காட்சியை நாள் முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பவர் வீட்டுக்குப் போனால் டிவி போடமாட்டார். "சும்மா சுவத்தைப் பாத்துட்டு இருப்பேன். அது அசையாது பாரு, நிம்மதி" என்பார்.

'உறைந்த துறை' என்ற படம் எங்களுக்கு வந்தபோது டேரில் கூப், அதாவது எங்கள் முதலாளி, அலுவலகம் முழுக்க டோனட் வாங்கிக் கொடுத்தார். வடக்கே ஏரி உறைந்துகிடந்த காலத்தில் எடுத்த படம். கணவனை அந்த ஏரிக்குக் கொடுத்த ஒருத்தி மீன்பிடிக் குடிசையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அந்தி சாய்கிறது. தூரத்தில், பனியின் மேல், ஏதோ ஒன்று நிற்கிறது. ஆளா, கம்பமா, கண்ணின் கோளாறா, கடைசிவரை தெரியாது. அந்தத் தெரியாமையைத் தவிர படத்தில் வேறு பயம் இல்லை. முன்பு வந்த வீடியோ கேசட்டில் அந்த இடம் வெறும் கறுப்பு. பிறகு வந்த டிவிடியில் சாம்பல் கரைசலாக, கட்டம் கட்டமாக நெளிந்தது. இப்போதுதான் முதல்முறையாக அசல் நெகட்டிவ் கிடைத்திருந்தது.

இயக்குநர் எப்போதோ இறந்துவிட்டார். ஒளிப்பதிவாளர் ரஸ் கோடே மட்டும் பக்கத்து ஊரான டண்டஸில் இருந்தார். எண்பதைத் தாண்டியவர். 'ஒளிப்பதிவாளரே பார்த்து ஒப்புதல் தந்த பதிப்பு' என்ற ஒரு வரி டிஸ்க்கின் மேலட்டையில் இருந்தால் விற்பனை தானாக நடக்கும். அந்த வரியோடு அட்டைகள் அச்சாகி வந்து, பெட்டி பெட்டியாக நடையில் காத்திருந்தன. ரஸ் அதுவரை ஒரு காட்சிகூடப் பார்த்திருக்கவில்லை.

அவர் வந்த அன்று டேரிலும் நானும் கிளெண்டாவின் அறையில் இருந்தோம். கிளெண்டா தான் நிறம் திருத்தி வைத்திருந்த முதல் சுருளை ஓடவிட்டார்.

"என்னம்மா இது, ஒண்ணுமே தெரியலையே. வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏத்து."

கிளெண்டா ஏற்றினார்.

"இன்னும். அப்புறம் மஞ்சளா இருக்கு. நான் எடுத்தது பனி. கடுகு இல்ல."

மஞ்சளைக் குறைத்தார். படம் நீலம் பாரித்தது. இன்னும் ஏற்று, இன்னும் குறை என்று மாலைவரை போனது. குடிசைக் காட்சி வந்தபோது, தூரத்தில் நிற்பது என்னவென்று எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது. கேமரா முக்காலி. அதன்மேல் ஒரு கோட்டு. பக்கத்தில் படக்குழுவின் வண்டித் தடம்.

ரஸ் தலையாட்டினார். "இப்பத்தான் சரி."

கிளம்பும்போது ரஸ் சுற்றிலும் பார்த்தார். "ரூம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நிறம் பாக்கிற இடத்துல எந்த மடையன் சுவத்துக்கு மஞ்சள் அடிச்சான்?"

சுவர் சாம்பல் நிறம். அந்த வேலை நடக்கும் அறை வேறெந்த நிறத்திலும் இருக்கக் கூடாது. கிளெண்டா என்னைப் பார்த்தார். நான் டேரில் அன்றும் வாங்கி வைத்திருந்த டோனட் பெட்டியைப் பார்த்தேன்.

"எடுத்தவரே சரின்னுட்டாரு. அவ்வளவுதான், அனுப்பு" என்றார் டேரில், ரஸ் நடைக்குப் போனதும்.

"டேரில், முக்காலி தெரியுது."

"அது அவரோட முக்காலி. உனக்கென்ன?"

ரஸ்ஸை வீட்டில் கொண்டுபோய் விடும் வேலையும் கிளெண்டாவிடமே வந்தது. நவம்பர், ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அதன் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. கிளெண்டா வெகுநாள் கழித்துச் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

சமையலறையில் ரஸ் பட்டாணி சூப் டப்பாவைச் சுடவைத்தார். அடுப்பின் பொத்தானைத் தடவித்தான் கண்டுபிடித்தார். கிளெண்டாவுக்கு அன்றைக்குச் சண்டை போடத் தெம்பே இல்லை. எழுந்து போய்விடத்தான் நினைத்தாராம். ஆனாலும் கேட்டுவிட்டார்.

"ரஸ், கண்ணுல புரை எவ்வளவு நாளா இருக்கு?"

"யாரு சொன்னா?"

"எங்க சுவர் சாம்பல் நிறம். புரை விழுந்த கண்ணுக்குத்தான் எல்லாம் மங்கலா, மஞ்சளாத் தெரியும்."

ரஸ் கரண்டியை வைத்துவிட்டார். "வாழ்க்கை பூரா தயாரிப்பாளருங்க இதைத்தான் கேட்டானுங்க. 'ரஸ், லைட்டுக்குக் குடுத்த காசெல்லாம் எங்கய்யா போச்சு, ஒண்ணும் தெரியலையே'ன்னு. ஒருத்தனுக்கும் நான் மசியல. இப்ப நீ வந்து என்னையும் அந்தக் கூட்டத்துல சேக்கிறியா?"

"இன்னைக்கு நீங்கதான் அவங்க மாதிரி பேசுனீங்க."

"வெளிய போடி."

கிளெண்டா போகவில்லை. எழுந்திருக்கவே சோம்பலாக இருந்தது என்றுதான் என்னிடம் சொன்னார். சூப் ஆறியது. கடைசியில் ரஸ் கேட்டார்: "அந்தக் கோட்டு தெரியுதா?"

"பொத்தான் உட்பட தெரியுது."

"சனியன்."

"ஆபரேஷன் பண்ணிக்கலாமே. இப்பல்லாம் சின்ன வேலைதான்."

"எங்கண்ணனுக்குப் பண்ணாங்க. ஒரு கண்ணே போச்சு. எனக்கு வேணாம். நீ உன்னோட இருட்டையே போடு. என் பேரை எடுத்துடு. பாக்க முடியாதவன் ஒப்புதல் குடுத்தான்னு வரக் கூடாது. ஏன்னு ஒருத்தருக்கும் சொல்லாதே. கேமராக்காரனுக்குக் கண்ணு போச்சுன்னு ஊர் பேசுறதை நான் கேக்க மாட்டேன்."

மறுநாள் காலை ரஸ்ஸே டேரிலுக்குப் போன் செய்து, 'அவளுடையதைப் போடு, என் பெயர் வேண்டாம்' என்று சொல்லி வைத்துவிட்டார். டேரில் நேராக கிளெண்டாவின் அறைக்கு வந்தார்.

"அந்தக் கிழவர்கிட்ட என்ன சண்டை போட்ட? அட்டையெல்லாம் அச்சாகிக் கிடக்கு!"

"நான் ஸ்டிக்கர் ஒட்டிடறேன்."

"அத்தனைக்குமா?"

"அத்தனைக்கும்."

கறுப்பு ஸ்டிக்கர். அந்த ஒரு வரியின் மேல் மட்டும். நானும் சில நாள் உட்கார்ந்து ஒட்டினேன். முதலாளி கோபமாக இருக்கும்போது கைவேலை எதையாவது செய்துகொண்டிருப்பது என் வழக்கம். மீதியைக் கிளெண்டா ஒட்டினார்.

டிஸ்க் வெளிவந்த வாரமே வாங்கிய ஒருவன் ஸ்டிக்கரைப் பிய்த்துப் படம்பிடித்து இணையத்தில் போட்டான். அதோடு தொடங்கியது. ஒளிப்பதிவாளரை ஒதுக்கிவிட்டு யாரோ ஒருத்தி தன் இஷ்டத்துக்குப் படத்தை இருட்டாக்கிவிட்டாள் என்றார்கள். பழைய சாம்பல் டிவிடியே தேவலை என்று இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார்கள். மாற்று டிஸ்க் கேட்டார்கள்.

"பதில் போட்டாகணும். என்ன நடந்துச்சுன்னு இப்பவாவது சொல்லு" என்றார் டேரில்.

கிளெண்டா கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்தார். மூடிய கண்ணோடே என்னிடம் சொன்னார்: "நீ டைப் பண்ணு. 'இருட்டு எவ்வளவு இருக்கணும்னு முடிவு பண்ணது நான்.' என் பேரைப் போடு. முழுப் பேரு."

"வேற ஒண்ணும் வேணாமா?"

"கூட வணக்கம் போடணுமா என்ன?"

போட்டேன். அதன்பிறகு பல மாதங்கள் எங்கள் எந்த டிஸ்க் வந்தாலும், இதையும் அந்த மகார்ச்சக்தான் கெடுத்தாளா என்று யாராவது கேட்பார்கள். கிளெண்டா படிப்பதில்லை என்றார். படித்தார் என்று எனக்குத் தெரியும்.

ரஸ் இப்போது இல்லை. இறுதிச்சடங்கிலிருந்து திரும்பும் வழியில்தான் கிளெண்டா எனக்கு இதையெல்லாம் சொன்னார்.

"டிஸ்க்கை அவர் பார்த்தாரா?" என்று கேட்டேன்.

"ஒரு ஞாயித்துக்கிழமை போட்டுக் காட்டச் சொன்னாரு. குடிசை சீன் வந்ததும் என் கையைப் பிடிச்சிட்டாரு. 'அங்க நிக்குதா'ன்னு கேட்டாரு. 'நிக்குது'ன்னேன். 'எனக்கு ஒண்ணும் தெரியல'ன்னாரு." கிளெண்டா சாலையைப் பார்த்தபடி ஓட்டினார். "படம் முடியிற வரைக்கும் கையை விடல. எனக்கு அந்தப் பக்கம் கழுத்து வேற வலி."