பின்னேர வேதப்பள்ளி

எங்கள் சபைக்கு இருபது வீட்டார்தான். புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில், குறிஞ்சிப்பிட்டிக்குக் கொஞ்சம் இப்பால், உப்பளங்களுக்கும் களப்பின் உப்புநீர்ப் பரப்புக்கும் நடுவே தகரக் கூரையோடு நிற்கிறது ஆலயம். ஒரு பக்கம் முஸ்லிம் அயலவர்கள், மறுபக்கம் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள். நாங்கள் புரட்டஸ்தாந்துகாரர், எண்ணிக்கையில் எல்லோருக்கும் கடைசி. ஆனாலும் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு கிழமை எங்கள் வளவில் எழும் சத்தம் இரண்டு பக்கத்துக்கும் கேட்கும். அது விடுமுறை வேதாகமப் பள்ளி. எங்கள் வாயில் வெறும் வேதப்பள்ளி.

போர் முடிந்த வருடம்தான் நாங்கள் வண்ணாத்திவில்லுப் பக்கத்திலிருந்து இங்கே வந்தோம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உப்பளத்தில் வேலை கிடைத்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பத்தாம் வகுப்பில் இங்குள்ள முஸ்லிம் பாடசாலையில் சேர்ந்தேன். பக்கத்தில் தமிழில் படிக்க இருந்தது அது ஒன்றுதான். சபைப் பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் அங்கேதான் படித்தார்கள்.

அந்த நாட்களில் வேதப்பள்ளியைக் கொழும்புச் சபையொன்றிலிருந்து வருபவர்கள் நடத்தினார்கள். ஐந்தாறு பேர் வான் வண்டியொன்றில் வந்து இறங்குவார்கள். பாட்டு, கதை, வர்ணக் கடதாசியில் வெட்டி ஒட்டும் வேலை, பகலுக்குச் சோறு. வெள்ளிக்கிழமை பரிசு கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் நல்லவர்கள். தங்கள் வருடாந்த லீவை எங்கள் பிள்ளைகளுக்காகச் செலவழித்தவர்கள். ஆனாலும் ஐந்து வருடமும் அவர்கள் தந்தார்கள், நாங்கள் வாங்கிக்கொண்டோம்.

ஆறாவது வருடம் சபைக் கூட்டத்தில் அம்மா எழுந்து நின்றார். கூட்டங்களில் வாய் திறக்காத ஆள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்.

“ஐயா, எங்கட பிள்ளைகளும் இப்ப படிச்சிருக்குதுகள்தானே. இந்த முறை வேதப்பள்ளியை நாங்களே நடத்துவம். கொழும்புப் பிள்ளைகள் விருந்தாளியா வந்து உதவி செய்யட்டும்.”

“ஆர் நடத்துறது?” என்று கேட்டார் போதகர். அவர் சிலாபத்தில் இருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருபவர்.

அம்மா என்னைக் காட்டவில்லை. காட்டத் தேவையும் இருக்கவில்லை. உயர்தரம் வரை போனவன் அந்தச் சபையில் நான் மட்டும்தான். முழுச் சபையும் திரும்பிப் பார்த்தது.

“சரி, ஒருக்காப் பாப்பம்” என்றார் போதகர். “சரிவரல்லையெண்டா அடுத்த வருஷம் பழையபடி கொழும்பு ஆக்களிட்டயே குடுப்பம்.”

அன்றிலிருந்து எனக்கு நித்திரை குறைந்தது. தோற்றால் தோற்பது நான் மட்டுமல்ல என்று தெரிந்திருந்தது. எழுந்து நின்ற அம்மாவும் சேர்ந்துதான். அதனால் எல்லாவற்றையும் கடதாசியில் போட்டேன். எட்டரைக்கு ஜெபம், எட்டே முக்காலுக்குப் பாட்டு, பத்து மணிக்கு இஞ்சித் தேநீர் என்று நீலத்திலும் சிவப்பிலும் எழுதி ஆலயக் கதவில் ஒட்டினேன். ஆகஸ்ட் இரண்டாம் கிழமை, திங்கள் முதல் வெள்ளி வரை. கொழும்புக்கு அறிவித்தேன். மூன்று பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவியாக வந்த அக்கா வங்கியொன்றில் வேலை செய்பவர், ஐந்து நாள் லீவு எடுத்திருந்தார்.

திங்கட்கிழமை காலை மணி அடித்தேன். ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். அதில் இரண்டு பேர் இன்னும் பள்ளிக்கூடம் சேராத சின்னதுகள், மற்ற மூன்று பேரும் சிங்களப் பாடசாலைக்குப் போகிறவர்கள். மீதிப் பேர் எங்கே என்று வாசல் படலையடிக்குப் போய்ப் பார்த்தேன். வெள்ளைச் சீருடையில், புத்தகப் பையோடு, சபைப் பிள்ளைகள் வரிசையாக வீதியில் போய்க்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சந்தோஷமாகக் கை காட்டினார்கள்.

“அண்ணா, ஸ்கூல் விட்டு வாறம்!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முஸ்லிம் பாடசாலைகளின் நீண்ட லீவு நோன்பு மாதத்தில். நான் அங்கே படித்த இரண்டு வருடமும் நோன்பு ஆகஸ்டில் வந்தது. பிறகு டவுனில் வேறு பாடசாலையில் படித்தேன், அங்கே எப்போதும் ஆகஸ்டில்தான் லீவு. ஆகஸ்ட் என்றால் லீவு என்று என் மண்டையில் ஏறிவிட்டது. நோன்பு ஒவ்வொரு வருடமும் பத்து நாள் போல முன்னால் நகர்வது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த வருட நோன்பில் அயல் வீட்டிலிருந்து வந்த கஞ்சியை ஜூலை மாதம் முழுக்கக் குடித்தவன் நான். பிள்ளைகள் அந்த மாதம் முழுக்க ஆலய வளவில் கிரிக்கெட் விளையாடியதையும் பார்த்தவன். பார்த்தும், குடித்தும், ஒன்றையொன்று சேர்த்து யோசிக்கவில்லை.

உலையடியில் நின்ற சபை மாமா அகப்பையோடு வந்தார்.

“தம்பி, எத்தினை கொத்து போடுறது? நாப்பது பேருக்கா, அஞ்சு பேருக்கா?”

“கொஞ்சம் பொறுங்க மாமா.”

“நான் பொறுப்பன். தண்ணி கொதிக்குது.”

கொழும்பு அக்கா, “இப்ப என்ன செய்யலாம் பிரதர்?” என்று மட்டும் கேட்டார். அந்த மரியாதைதான் என்னைக் கூடுதலாகச் சுட்டது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பாடசாலைக்கு ஓடினேன். அதிபர் மதுரங்குளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருபவர், என்னைப் படிப்பித்தவர். ஒரு கிழமைக்கு எங்கள் பிள்ளைகளை விட முடியுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நீங்க இங்க படிச்ச ஆள்தானே தம்பி?”

“ஓம் சேர்.”

“நோன்பு முடிஞ்சு, பெருநாளும் போயிட்டு. இப்ப வந்து லீவு கேக்கிறீங்களே! அடுத்த கிழமை தவணைப் பரீட்சை. புள்ளயள விட ஏலா.” பிறகு என் முகத்தைப் பார்த்தார் போலும். “ஒண்டரைக்கு மணி அடிச்சதும் உங்கட புள்ளயள விட்டுருவன். பின்னேர வகுப்புக்கு இந்தக் கிழமை நிக்கத் தேவல்ல. என்னால ஏலுமானது அவ்வளவுதான்.”

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பின்னேரத்தில் வேதப்பள்ளி நடத்துவது எனக்குச் சரியான வழியாகத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் ஆகஸ்ட் என்பது கச்சான் காற்றின் காலம். காலையில் ஓரளவு அடங்கியிருக்கும், பகல் ஏற ஏற மணலை அள்ளி வீசும். பிள்ளைகள் உட்காரும் கொட்டில் மூன்று பக்கமும் திறந்தது. அதில் வர்ணக் கடதாசியை விரித்தால் களப்பில் போய்த்தான் பொறுக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு உப்பளத்துப் பெண்கள் வேலை முடிந்து வந்தார்கள். விடியற்காலையில் உப்பு வாரப் போனவர்கள், காலில் பழைய சொக்ஸ், தலையில் துணிக்கட்டு. செய்தி வழியிலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அம்மாவும் அவர்களோடு வந்தார். நான் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

“ஸ்கூல் இருக்குதெண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?” என்றேன். கோபம் என் மேல்தான், குரல் அவர்கள் மேல் விழுந்தது. “ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?”

“நீ ஸ்கூலில கதைச்சு லீவு வாங்கியிருப்பாயெண்டு நினைச்சம் மகன்” என்றார் அம்மா. “நீ படிச்சவன். உனக்குச் சொல்லிக் குடுக்கிறதோ எண்டு இருந்திட்டன்.”

“நான் ஞாயித்துக்கிழமையே இவளுக்குச் சொன்னனான்” என்று அம்மாவைக் காட்டினார் எங்கள் பாடகர் குழுவில் உரக்கப் பாடும் அக்கா. “ஸ்கூல் இருக்குதேயடி எண்டு. ‘கதவில ரெண்டு கலரில ஒட்டியிருக்கு, பிழையா இருக்குமா’ எண்டு கேட்டாள்.”

எல்லோரும் சிரித்தார்கள். கொழும்பு அக்காவும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதிபர் சொன்னதையும் காற்றையும் சொன்னேன்.

“காத்துத்தானே?” என்றார் அந்த அக்கா. “காத்தில நிண்டுதானே நாங்க உப்பு வாருறம். சாக்கு இருக்கு. கொட்டிலைச் சுத்திக் கட்டினா என்ன?”

அதற்குப் பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சாக்கு ஊசி கொண்டுவந்தார். இன்னொருவர் கத்தோலிக்க அயலவரின் மீன் வாடியிலிருந்து நைலோன் கயிறு கேட்டு வாங்கி வந்தார். விடியமுன் எழும்பி, வெயிலில் முதுகு வளைத்து வேலை செய்துவிட்டு வந்த பெண்கள், வழக்கமாகச் சாப்பிட்டுவிட்டுச் சாயும் நேரத்தில், வெறும் உப்புச் சாக்குகளைக் கிழித்து விரித்துத் தைத்தார்கள். சாக்கின் அடியில் மணலைப் போட்டு முடிந்தார்கள், காற்றுக்கு எழும்பாமல் இருக்க. இரண்டு மணிக்குக் கொட்டிலுக்கு மூன்று சுவர் இருந்தது. உள்ளே கடதாசி கடதாசியாகவே கிடந்தது.

சோற்றுக்கார மாமா நாற்பது பேருக்கே போட்டிருந்தார். சீருடையோடு ஓடிவந்த பிள்ளைகள் பசியில் பருப்பையும் கருவாட்டுக் குழம்பையும் வழித்துச் சாப்பிட்டார்கள். பிறகுதான் ஜெபம். நீலமும் சிவப்புமான என் கடதாசியை நானே கிழித்தேன்.

பின்னேர வேதப்பள்ளிக்கு அதற்கேயான தொல்லைகள் இருந்தன. சரியாக மூன்றரைக்குப் பாணும் பணிஸும் விற்கிறவரின் முச்சக்கரவண்டி சங்கீதம் போட்டபடி படலையடியில் வந்து நிற்கும். நாங்கள் கண் மூடி ஜெபித்துக்கொண்டிருப்போம். கொழும்பு அக்கா கண்ணைத் திறந்து பார்த்தால் நாற்பது பிள்ளைகளும் ஏற்கெனவே திறந்திருப்பார்கள். புதன்கிழமை அவர் ஜெபத்தைப் பாதியில் நிறுத்தி, “ஆண்டவரே, முதல்ல பணிஸ் வாங்கிட்டு வாறம், ஆமென்” என்றார். அவரை எனக்கு அன்றுதான் மிகவும் பிடித்தது.

இன்னொன்றும் நடந்தது. காலையில் நடந்த வருடங்களில் தாய்மார் உப்பளத்தில் இருப்பார்கள். வேதப்பள்ளி என்றால் என்னவென்றே அவர்கள் பார்த்ததில்லை. இப்போது சாக்குச் சுவர் அவிழ்கிறதா என்று பார்க்க வந்தவர்கள் பின்னால் உட்கார்ந்தார்கள். செவ்வாய்க்கிழமை நான்கு பேர். புதன்கிழமை பன்னிரண்டு பேர். பாட்டுக்குக் கை அசைவு சொல்லிக் கொடுத்தபோது பின்வரிசையும் அசைத்தது. நாளுக்கொன்றாகக் கொடுத்த மனன வசனத்தைப் பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துப் படித்து மறந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் காதால் கேட்டே பிடித்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை நான் வரவு இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெயருக்குப் பதில் வரவில்லை. அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல். பின்னாலிருந்து பாடகர் அக்கா தன் குரலை ஒடுக்கி, “பிரசன்ட் சேர்!” என்றார். கொட்டில் முழுக்கச் சிரித்தது.

“அக்கா, உங்கட பேர் இதில இல்ல.”

“இல்லாட்டி எழுது. மூண்டு நாளா வாறம். உன்ர இடாப்பில நாங்க இல்லையோ?”

“ஓம், எழுது, எழுது” என்றன பின்வரிசைக் குரல்கள்.

பகிடிக்குத்தான் தொடங்கினார்கள். நானும் பகிடியாகத்தான் பேனையை எடுத்தேன். ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல, எழுதினேன். அம்மாவின் முறை வந்தது. அவர் தன் பெயரை முழுதாக, தகப்பன் பெயரும் சேர்த்து, மெதுவாகச் சொன்னார். நான் எழுதி முடிக்கும்வரை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கூப்பிட்டேன். “பிரசன்ட்” என்ற சொல் அவருக்கு வரவில்லை.

“இந்தா இருக்கிறன் மகன்” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் பெயருக்கு நேரே ஒரு சரி போட்டேன்.

வெள்ளிக்கிழமை போதகர் வந்தார். சாக்குச் சுவரைச் சுற்றி நடந்து, ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்தார். வழக்கமான பரிசளிப்பு நடந்தது. ஐந்து வசனமும் பிழையில்லாமல் சொன்ன பிள்ளைகள் ஒன்பது பேர், தாய்மார் பதினொரு பேர். பரிசுக்குக் கொண்டுவந்த வர்ணப் பென்சில் போதவில்லை. தாய்மார் தங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு பிள்ளைகளின் பென்சிலை வாங்கிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகுதான் நான் பயந்த கதை வந்தது. போதகர் திங்கட்கிழமைப் பிழையை அறிந்திருந்தார். நான் முந்திக்கொண்டு, “பிழை என்னுடையதுதான் ஐயா. அடுத்த வருஷம் கொழும்பு ஆக்களே நடத்தினா நல்லது” என்றேன். மனதார எண்ணியதைத்தான் சொன்னேன்.

போதகர் கொழும்பு அக்காவைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார்.

“இல்ல ஐயா. அஞ்சு வருஷம் நாங்க நடத்தினம். ஒரு அம்மாவைக்கூட உள்ள கொண்டுவர எங்களால ஏலாமப் போச்சு. காலையில வந்து காலையிலயே முடிச்சா எப்படி வருவாங்க? நாங்க அதை யோசிக்கவே இல்ல. இவங்களே செய்யட்டும். நாங்க கூப்பிட்டா வாறம்.”

“கூப்பிடுவம் பிள்ள” என்றார் அம்மா உடனே. “பாட்டுக்கு ஆள் வேணும். இவன்ர பாட்டைக் கேக்கேலாது.”

போதகர் சிரித்தார். “அப்ப அடுத்த வருஷத்துக்கு எந்தக் கிழமை?”

நான் வாயைத் திறந்தேன். பாடகர் அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். பெண்கள் தங்களுக்குள் கதைக்கத் தொடங்கினார்கள். நோன்பு அடுத்த வருடம் எப்போது தொடங்கும், அதிபரிடம் யார் போய்க் கேட்பது, எந்தக் கிழமை உப்பு அள்ளுவது, கத்தோலிக்க ஆட்களின் திருவிழாவுக்குப் பிள்ளைகள் எந்த நாள் ஓடிவிடுவார்கள், சிங்களப் பாடசாலைக்குப் போகிற மூன்று பேருக்கு எப்போது சரிவரும் என்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார்கள். கடதாசி இல்லாமல், விரலில். ஒரு கிழமையைச் சொன்னார்கள், ஒருவர் மறுத்தார், வேறொன்றைச் சொன்னார்கள். நான் இரண்டு மாதமாக இரண்டு நிற மையில் செய்யாத வேலையை அவர்கள் ஒரு தேநீர் ஆறுவதற்குள் செய்துகொண்டிருந்தார்கள்.

“நீ என்ன பாத்துக்கொண்டு நிக்கிற?” என்றார் அம்மா. “பேனையை எடு. நாங்க சொல்றம், எழுது.”

நான் இடாப்பின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அவர்கள் முடிவுக்கு வரும்வரை காத்திருந்தேன்.