பம்பரம் உட்கார்ந்த நாள்

அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தவர் பள்ளிக்கூட வாசலில் இருக்கும் காவல்காரர். வைத்த நேரம், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. வட்டாரத்துப் பள்ளிகளில் புதிதாக வேலைக்குச் சேரும் வகுப்பு உதவியாளர்களைப் பழக்கிவிடுவது அவளுடைய உத்தியோகம். காலையில் ஒரு பள்ளி, மதியத்துக்கு மேல் இன்னொரு பள்ளி. நடுவில் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வருவாள். வீட்டிலும் அதே கதைதான். நின்றுகொண்டே சாப்பிடுகிற பெண்டாட்டியோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதற்கே அவள் புருஷனுக்குச் சிலை வைக்கலாம்.

ஆனால் வேலையில் கெட்டிக்காரி. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பேசாத குழந்தை, பிடித்தால் கடிக்கிற குழந்தை, மேஜைக்கு அடியிலேயே குடியிருக்கிற குழந்தை, எதுவானாலும் அவளுக்கு ஒரு வழி தெரியும். அந்த வழியை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும். சொல்லிக்கொடுத்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பது மட்டும் அவளுக்கு வராது. புதியவள் தண்ணீர்க் குவளையை எடுக்கக் கை நீட்டுவதற்குள் இவள் எடுத்துக் குழந்தைக்குப் புகட்டியே முடித்திருப்பாள். "சும்மா காட்டினேன்" என்பாள். ஒரு மாதம் முழுக்கச் சும்மா காட்டிக்கொண்டே இருப்பாள்.

இப்படிப்பட்டவர்களுக்காகவே அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அதற்கு விலகு நாள் என்று பெயர். பயிற்சி மாதத்தின் முடிவில் ஒரு நாள், முதல் மணியிலிருந்து கடைசி மணி வரைக்கும், பழக்கிவிட்டவர் அந்த வகுப்புப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. தலைமையாசிரியையின் அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். இவர் உள்ளே போனாலும் தோல்வி, புதியவர் இவரைத் தேடி வந்தாலும் தோல்வி. முதல் நாள் தோற்றால் இன்னொரு நாள் தருவார்கள், அதுவும் தோற்றால் புதியவருக்கு வேலை கிடையாது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். தப்பு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. அந்த விதியை எழுதியவனைப் பார்த்தால் நாலு வார்த்தை கேட்கலாம், அது வேறு விஷயம்.

இந்த முறை புதியவளாக வந்தது வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார். உறவில் இளையவள், வயதில் இவளைவிட இரண்டு வருஷம் மூத்தவள். கல்யாணம் கசந்துபோய், ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து கூடத்து சோபாவில் படுத்துக்கொண்டிருந்தாள். குணத்தில் இருவரும் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம். இவள் பம்பரம் என்றால் அவள் அம்மிக்கல். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே கொஞ்சம் யோசிப்பாள். பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அறை பேசி வைத்திருந்தாள். வேலை உறுதியானால்தான் வீட்டுக்காரர் சாவியைத் தருவார். "எனக்குன்னு ஒரு சாவி வேணும் அண்ணி. வேற எதுவும் வேண்டாம்" என்று ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். அன்று பம்பரம்கூட ஒரு நிமிஷம் நின்றுவிட்டாள்.

நாத்தனாருக்குக் கொடுக்கப்பட்ட குழந்தையை எல்லோரும் சிட்டு என்று கூப்பிடுவார்கள். ஆறு வயது இருக்கும். வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. சிட்டுவின் இடுப்பில் ஒரு வளையம் தொங்கும், அதில் சின்னச் சின்ன அட்டைப் படங்கள். தண்ணீர், பழம், களிமண், ஊஞ்சல், கழிப்பறை, அம்மா. எது வேண்டுமோ அந்தப் படத்தைக் கழற்றி எதிரில் இருப்பவர் கையில் வைப்பாள். கேட்டதைக் கொடுத்துவிட்டுப் படத்தைத் திரும்ப வளையத்தில் மாட்ட வேண்டும். பம்பரம் எடுக்கும் முதல் பாடமே அதுதான்.

"கேட்டா உடனே குடுக்கணும். ஒரு தடவை ஏமாத்தினீங்கன்னா அப்புறம் அது படத்தை நம்பாது. படத்தை நம்பலைன்னா அதுக்கு வாயே கிடையாது, புரியுதா?"

"விளையாட்டுக்குக் கேட்டாக்கூடவா?" என்று கேட்டாள் நாத்தனார்.

"விளையாட்டுக்குக் கேட்டாலும்தான்."

முதல் விலகு நாள் போன வாரம் வந்தது. வகுப்பில் ஏதோ நாற்காலி விழுந்த சத்தம், பின்னாலேயே சிட்டுவின் அலறல். அடுத்த நொடி பம்பரம் வகுப்புக்கு நடுவில் நின்றாள். அதற்குள் நாத்தனார் குழந்தையை மடியில் வைத்து அலறலை அடக்கியே விட்டிருந்தாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. தலைமையாசிரியை தோல்வி என்று எழுதிவிட்டார். அன்றிலிருந்து நாத்தனார் வீட்டில் அவளோடு பேசுவதில்லை. சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை. அவள் பாட்டுக்குப் போர்வையை மடித்து வைத்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் வேலைக்குக் கிளம்பினாள். அந்தப் பேசாமை பம்பரத்தைப் பிடுங்கித் தின்றது.

இன்று இரண்டாவது நாள், கடைசி நாளும் இதுதான். காலையில் புருஷன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "உனக்குப் புண்ணியமாப் போகும். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் உன் காலைக் கட்டி வை."

கால் இருக்கட்டும். கையால் செய்த வேலைதான் இப்போது அவளை அரித்துக்கொண்டிருந்தது. பயிற்சி நாட்களில் குழந்தையின் வளையத்தில் பழக்கிவிடுபவரின் படமும் ஒன்று இருக்கும். விலகு நாளுக்கு முந்தின மாலை அதைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் குழந்தை அந்த ஆளையே கேட்டுக்கொண்டிருக்கும். இதையும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். நேற்று மாலை வளையத்தைக் கையில் எடுத்தாள். தன் படத்தைப் பார்த்தாள். ஓரம் மடங்கி, சிட்டுவின் விரல் பட்டுப் பட்டு முகமே பாதி தேய்ந்துபோன படம். ஊஞ்சலைவிட, களிமண்ணைவிட அதிகமாகக் கேட்கப்பட்ட படம். கை கொக்கி வரைக்கும் போனது, திரும்பி வந்துவிட்டது. அந்தக் குழந்தை தன்னை மறந்துவிடக் கூடாது என்று அவளுக்கு ஆசை. வேறு காரணமே கிடையாது. ஊருக்குத்தான் உபதேசம்.

நாளைக் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். காலையில் பஸ் தாமதம். அவள் வாசலுக்கு வரும்போதே முதல் மணி அடித்துவிட்டது. இனி அந்தப் படத்தை எடுக்க வேண்டுமென்றால் வகுப்புக்குள் போக வேண்டும். போனால் நாத்தனாரின் சாவி போச்சு. தலைமையாசிரியையிடம் சொன்னால் இன்றைய விலகு நாளையே ரத்து செய்துவிடுவார், பயிற்சி மாதமோ இன்றோடு முடிகிறது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக அந்த மர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள் என்று எழுதுவது ஒரு பேச்சுக்குத்தான். மேஜை மேல் இருந்த பென்சில்களையெல்லாம் சீவினாள். சீவின பென்சிலையே மறுபடி சீவினாள். அலமாரிக் கதவைத் திறந்தாள், மூடினாள், ஜன்னல் திரையை ஒரு பக்கம் இழுத்தாள், பிறகு மறு பக்கம் இழுத்தாள். எங்கேயோ ஒரு குழந்தை தும்மினால்கூட இவள் எழுந்தாள்.

"அம்மா தாயே, ஒரு இடத்துல இருங்களேன்! உங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலை சுத்துது" என்றார் தலைமையாசிரியை. கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை.

தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனாள். அங்கே காவல்காரர் நின்றிருந்தார்.

"என்ன பம்பரம், இன்னிக்குக் கயிறு அறுந்துபோச்சா?"

"அண்ணே, ஒரு உதவி. சிட்டு வகுப்புக்குப் போய்..." என்று ஆரம்பித்தாள்.

அவர் காதைப் பொத்திக்கொண்டார். "சொல்லவே சொல்லாதீங்க! நீங்க போனாலும் நான் போனாலும் ஒண்ணுதான். அந்தப் பொண்ணு பாவம். போன வாரம் இந்த மரத்தடியில உக்காந்து அழுதுச்சு, தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. வாயில் ஊற்றிய தண்ணீரை விழுங்க முடியாமல் துப்பிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினாள். என்ன மனுஷி நான், ஒரு துண்டு அட்டைக்காக ஒருத்தியின் வாழ்க்கையோடு விளையாடிவிட்டேனே என்று தன்னைத்தானே திட்டினாள். திட்டிக்கொண்டே இன்னொரு பென்சிலை எடுத்தாள். அது ஏற்கெனவே சுண்டுவிரல் அளவுக்கு வந்திருந்தது.

இடைவேளை போனது. சாப்பாட்டு மணியும் போனது. மதியம் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒருவேளை சிட்டு படத்தைக் கவனிக்கவில்லையோ, களிமண்ணிலேயே பொழுது போய்விடுமோ என்று நினைத்தாள்.

அப்போதுதான் நடையில் சத்தம் கேட்டது. தத்தித் தத்தி வருகிற சின்னக் கால்கள். கூடவே, அவசரம் என்பதே அறியாத ஒரு செருப்புச் சத்தம். அந்தச் சத்தத்தை அவள் வீட்டில் தினமும் கேட்கிறாள். ஐயோ, வராதே, வராதே என்று மனதுக்குள் கத்தினாள்.

கதவு திறந்தது. நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு சிட்டு நின்றாள். இன்னொரு கையில் ஓரம் மடங்கிய படம். நாத்தனாரின் முகத்தில் ரத்தமே இல்லை. அண்ணியைப் பார்க்காமல் தலைமையாசிரியையைப் பார்த்துச் சொன்னாள்:

"மேடம், சிட்டு கேட்டா. கூட்டிட்டு வந்தேன்."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"இங்க வந்தா என்ன ஆகும்னும் தெரியும்?"

"தெரியும். அப்புறம் பார்க்கலாம்னு சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மறுபடி மறுபடி என் கையில வச்சுச்சு. கேட்டா குடுக்கணும்னு சொல்லிக்குடுத்திருக்காங்க. ஏமாத்த எனக்கு மனசு வரலை."

சிட்டு நேராகப் பம்பரத்திடம் வந்து படத்தை அவள் கையில் வைத்தாள். பம்பரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. "கேட்டியா கண்ணு? இதோ, இங்கதான் இருக்கேன்" என்றாள். சிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பி, வளையத்திலிருந்து களிமண் படத்தைக் கழற்றி நாத்தனாரின் கையில் வைத்தாள்.

அவ்வளவுதான். ஆள் இருக்கிறாளா என்று பார்க்க வந்தாள், பார்த்துவிட்டாள், இனி களிமண். பம்பரத்துக்கு நெஞ்சு வலித்தது. பெருமையாகவும் இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். "நல்ல மனசுதான். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. உங்க நாத்தனாருக்கு மட்டும் நான் சலுகை காட்டினா மத்தவங்க சும்மா இருப்பாங்களா?"

பம்பரம் எழுந்தாள். அன்று முழுக்க எத்தனையோ தடவை எழுந்தவள்தான், ஆனால் இந்தத் தடவை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது.

"மேடம், விலக வேண்டியது நான். நான்தான் விலகலை. இந்தப் படத்தை நேத்தே கழட்டியிருக்கணும். மறக்கலை, வேணும்னேதான் விட்டேன். காலையிலேர்ந்து நான் இந்த நாற்காலியில இல்ல, அந்த வளையத்துலதான் தொங்கிட்டு இருந்தேன்."

"இத்தனை பேருக்குப் பாடம் எடுக்கிற நீங்களா!"

"நானேதான். போன வாரமும் நான், இன்னிக்கும் நான். என்னை என்ன வேணா செய்யுங்க. அவங்களுக்குச் சாவி கிடைக்கட்டும்."

"எந்தச் சாவி?" என்றார் தலைமையாசிரியை, ஒன்றும் புரியாமல்.

நாத்தனார் முதல் முறையாக நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். தலைமையாசிரியை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"படம் வளையத்துல இருந்தா ஆள் வகுப்புல இருக்கிற மாதிரிதான். அப்போ விலகு நாள் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. இப்ப ஆரம்பிக்குது, கடைசி மணி வரைக்கும்" என்று நாத்தனாரிடம் சொன்னார். "குழந்தை களிமண் கேட்டு எவ்வளவு நேரம் ஆச்சு? போங்க." பம்பரத்தின் பக்கம் திரும்பியபோது குரல் மாறியது. "நீங்க உட்காருங்க. உங்ககிட்ட அப்புறம் பேசிக்கிறேன்."

நாத்தனார் போகவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கொடுத்து முடித்த படத்தை வளையத்தில் திரும்ப மாட்ட வேண்டும், அதுதானே பாடம். சிட்டுவும் வளையத்தை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள்.

பம்பரம் படத்தை ஒரு தடவை பார்த்தாள். கைப்பையைத் திறந்து உள்ளே போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இது முடிஞ்சுபோச்சு கண்ணு" என்றாள்.

சிட்டு காலியான கொக்கியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாத்தனாரின் விரலைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். போகும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தது நாத்தனார்தான்.

அதற்கப்புறம் வகுப்புப் பக்கம் ஏதோ விழுந்தது. யாரோ அழுதார்கள், யாரோ அழுகையை நிறுத்தினார்கள். பம்பரம் எழவில்லை. ஜன்னல் திரை காற்றில் ஆடியபோதும் அதைச் சரிசெய்யவில்லை. கடைசி மணி அடித்தது. குழந்தைகள் போனார்கள், தலைமையாசிரியை நாத்தனாரின் தாளில் தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார்.

நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். கையெல்லாம் காய்ந்த களிமண்.

"அண்ணி, போலாமா? சாவி வாங்கணும்."

ஒரு வாரம் கழித்து இன்றுதான் அந்த ‘அண்ணி’ காதில் விழுந்தது.

"இருங்க" என்றாள் பம்பரம். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். "கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வர்றேன்."

நாத்தனார் யோசித்தாள். பிறகு உள்ளே வந்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவளும் உட்கார்ந்தாள்.