மகளுக்கு நான் போட்ட அரைப்பேர்

தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. குறித்த கிலோ கொழுந்து பறித்தவருக்கு அன்று முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். அதைக் குறிப்பது என் வேலை. வீட்டிலும் எழுதுவேன்: எழுந்த நேரம், மழை, வந்தவர், போனவர். இருபது வருடங்களில் ஒரு நாளும் விட்டதில்லை.

மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். மூன்றாம் மாதத்தில், எட்டு வயது மகள் அவளோடு பேசுவதை நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு வீடியோ அழைப்பு வரும். மகள் பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

"புள்ள எங்கங்க?"

"குளிக்கிறா."

ஐந்து வெள்ளிக்கிழமைகள் அவள் குளித்தாள். ஆறாவது வாரம் மனைவி, "நா திரும்பி வாறப்ப அவளுக்கு நா யாரோ ஒருத்தியாத்தான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தாள்.

மகள் மீண்டும் படுக்கையை நனைக்கத் தொடங்கியிருந்தாள். வகுப்பாசிரியை சொல்லித்தான் ஹட்டனில் உளவள ஆலோசகரிடம் கூட்டிப்போனேன். புதன்கிழமைகளில் வட்டகொடையில் ரயில் ஏறுவோம். ஸ்டேஷனில் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "எதுக்குங்க ஐயா இந்த அலைச்சல்? கோயில்ல ஒரு நூலு கட்டுனா போதுமே" என்றார்.

"கட்டியாச்சு அக்கா, ரெண்டு" என்று மகளே கையை நீட்டிக் காட்டினாள்.

ஆலோசகரை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய அறையில் பொம்மைகளும் கலர் பென்சில்களும் இருந்தன. மகள் வரைந்துகொண்டிருப்பாள், அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பார். என்னிடம், "வீட்டுல புள்ள எப்படி இருக்குன்னு கவனிச்சு எழுதிட்டு வாங்க" என்றார். எனக்குக் கைவந்த வேலை. புதுக் கொப்பியில் நான்கு கோடுகள் போட்டேன்: தூக்கம், சாப்பாடு, பேச்சு, படுக்கை. கைப்பழக்கத்தில், நல்ல நாளுக்கு முழுப்பேர், மற்ற நாளுக்கு அரைப்பேர் என்று ஓரத்தில் குறித்தேன்.

ஒரு மாலை மகள் அந்தக் கொப்பியோடு வந்து நின்றாள்.

"அப்பா, எனக்கு ஏன் எல்லா நாளும் அரைப்பேரு?"

"எல்லா நாளும் இல்லம்மா. செவ்வாக்கெழம முழுப்பேருதானே?"

"அன்னைக்கி எனக்குக் காய்ச்சல். சும்மா படுத்துக் கெடந்தேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்: "நா சரியில்லன்னுதானே அம்மா போனாங்க?"

புதன்கிழமை கொப்பியை மிஸ்ஸிடம் நீட்டி, நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"இதுல நீங்க எங்கங்க?"

"நானா?"

"ஒங்க நாளையும் எழுதுங்க. யாருக்கும் பேரு போட வேணாம். அம்மா ஏன் போனாங்கன்னு புள்ளைக்கிட்ட சொல்லுங்க. ஒருக்கா சொன்னா போதாது."

அன்று மாலை, தலை பின்னிவிடும்போது சொன்னேன்: "வீட்டக் கட்டி முடிக்கத்தான் அம்மா போனாங்க. நானும் அம்மாவும் பேசி எடுத்த முடிவு. ஒன்னால இல்ல." மறுநாளும் சொன்னேன். ஒன்பது நாட்கள் சொன்னதைக் குறித்துவைத்திருக்கிறேன். ஒன்பதாவது நாள், "தெரியும்ப்பா, இழுக்காம பின்னுங்க" என்றாள்.

கொப்பியில் என்னைப் பற்றி எழுதத் தொடங்கினேன். 'சோறு அடிப்பிடித்தது. மகளிடம் கத்தினேன். தவறு என்னுடையது.' 'மனைவியின் சேலையை மடிக்கும்போது என் கண் கலங்கியது.' மகள் தினமும் வாசித்தாள். கத்தியதன் பக்கத்தில் 'ரெண்டு தடவை' என்று பென்சிலால் திருத்தியிருந்தாள். அவள் எழுதியதுதான் சரி.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் அடித்தபோது அவள் பின்கட்டுக்குப் போகவில்லை. திரையில் தெரியாதபடி என் முதுகுக்குப் பின்னால் கொப்பியோடு நின்று வாசித்தாள்.

"திங்கக்கெழம அப்பா சோத்தக் கருக்கிட்டாரு. ரெண்டு தடவ கத்துனாரு. ஒங்க சேலைய மடிச்சு அழுதாரு."

அழவில்லை, கண் கலங்கியது என்றுதான் எழுதியிருந்தேன். திருத்தாமல் இருந்தேன்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "நீ என்னடி செஞ்ச, தங்கம்?"

மகள் என் தோளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"படுக்கைய நனைச்சேன்மா. மூணு நாளு."

"பரவால்லடி. நானும் இங்க தலகாணிய நனைக்கிறேன்."

"நீங்களுமா?"

"அழுதுடி, கழுத!"

மகள் சிரித்தாள். போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

அழைப்பு பத்தொன்பது நிமிடங்கள் என்று அன்று எழுதினேன். அதில் என் பங்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. மிஸ்ஸிடம் போக, அடுத்த புதன்கிழமைக்கும் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.