ஒழுகலில் வளர்ந்த பூ

முப்பது வருஷம் குடிநீர்க் குழாய்களில் கசிவு தேடியே சம்பளம் வாங்கியவர் அவர். தெருவில் ஈரம் கண்டால் போதும், மூக்கில் வியர்த்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு அத்தனை சந்தேகத்தையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? பக்கத்து வீட்டு மைத்துனர் வசமாக அகப்பட்டார்.

விவகாரம் ஒரு செடி. ஊருக்கு வெளியே இருந்த சதுப்பை மூடி பஸ் டிப்போ கட்டினார்கள். அங்கே மட்டுமே பூத்துக்கொண்டிருந்த ஊதாப் பூச்செடியின் கிழங்கு ஒன்றை இவர் தோண்டி வந்து, தம் வீட்டுக் குளியலறைச் சுவருக்கு வெளியே ஈரமண்ணில் நட்டிருந்தார். நாலு வருஷம் ஜோராகப் பூத்தது. இந்த வருஷம் மொட்டெல்லாம் கருகியது. இதுவும் போனால் அந்த ஊரில் அந்தப் பூவே கிடையாது. அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. போதாததற்கு, தினமும் மத்தியானம் மேல்மண் நனைந்து கிடந்தது.

"உன் தம்பிதான் எதையோ ஊத்துறான்," என்றார் மனைவியிடம்.

"ஆமா, அவனுக்கு வேற வேலையே இல்ல பாருங்க!"

அவர் விடுகிற ஆளா? கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஜன்னலோரம் காத்திருந்தார். மூன்றாம் நாள் மதிலுக்கு மேலே ஒரு வாளி எழுந்தது, பின்னாலேயே மைத்துனரின் வழுக்கைத் தலை. வாளி செடிமேல் கவிழ்ந்ததும் பாய்ந்து வெளியே ஓடினார்.

"கையும் களவுமா மாட்டினியா! என்னய்யா அது, சோப்புத் தண்ணியா?"

"பச்சத்தண்ணி அத்தான். ஒரு வாரமா ஊத்துறேன். செடி காஞ்சு கிடக்கே, பாக்கலையா?"

"காயுதா? இந்த இடம் எப்பவும் சொதசொதன்னு இருக்குமேய்யா!"

"இருந்துச்சு. போன மாசம் குளியலறைக் குழாய்ல ஒழுகல் கண்டுபிடிச்சு அடைச்சீங்களே. தெருவெல்லாம் பெருமையா சொன்னீங்களே அத்தான்!"

அவர் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். ஒரு விரற்கடைக்குக் கீழே வெறும் புழுதி. நாலு வருஷமாகச் செடிக்குச் சோறு போட்டது அந்த ஒழுகல்தான். தாமே அதை அடைத்துவிட்டு, காப்பாற்ற வந்தவனைத் திருடனாக்கியிருக்கிறார். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

ஸ்பேனரை எடுத்து வந்து குளியலறைக் குழாயின் இணைப்பைக் கால் சுற்று தளர்த்தினார். சொட்டு விழுந்தது. கருகாமல் மிச்சமிருந்த ஒரே மொட்டின் அடியில் ஈரம் மெல்லப் பரவியது.

"என்ன மன்னிச்சிடு மச்சான். ஆனா இத வெளிய மட்டும் சொல்லிடாதய்யா."

"சொல்ல மாட்டேன் அத்தான்."

ஒருவர் சொன்னதை அவர் அப்படியே நம்பியது அன்றைக்குத்தான்.