நோன்பு நாளில் தண்ணி கேட்டவர்

இது கட்டுக்கதை இல்லை. நம்புறவங்க நம்பட்டும், சிரிக்கிறவங்க சிரிச்சுக்கட்டும். இஸ்மாயில் தன் வாயால சொன்னதை அப்படியே சொல்றேன். அவன் கதை கட்டுற ஆளே இல்லை. அதுக்கெல்லாம் அவனுக்கு ஏது நேரம்? விடிஞ்சா தோள்ல சோறு விக்கிற கண்டார் கம்பு. கம்புக்கு இந்தப் பக்கம் சோறு, அந்தப் பக்கம் குழம்பு. துறைமுகத்துக்கும் கப்பித்தான் பள்ளிவாசலுக்கும் நடந்து நடந்து வலது தோள் காய்ச்சுப்போச்சு. படுத்தா அந்தப் பக்கம் புரள முடியாது.

அந்த அலுப்புலதான் பத்து காவான்ங்கிற ஊர்த் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கூப்பிட்டதும் சரின்னுட்டான். துரைக்கு வேட்டைப் பைத்தியம். அரபு நாட்டு ஏடன் துறைமுகத்துலேருந்து உள்ளே தள்ளிப் பெரிய மணல்காடு இருக்காம். அங்க கொம்பு ஈட்டி மாதிரி நேரா நீண்ட மான் திரியுதாம். அதைச் சுடணும். கூட ஒரு சமையல்காரன் வேணும். போய்ட்டு வந்தா பங்களாவுலயே நிரந்தர வேலை. "இனி கம்பைத் தூக்கி அடுப்புல வச்சிடலாம்"னு பொண்டாட்டி நூர் பீவிகிட்ட சொல்லிட்டான். மறுநாள் காலையில கப்பல்.

முந்தின வருஷம் துரையோட சமையலுக்குப் போனவர் எதிர்வீட்டு ஜபருல்லா. துரை மட்டும் திரும்பி வந்தாரு. கேட்டதுக்கு, "உங்க ஆளு ஏடன்ல வேற வேலை கிடைச்சுத் தங்கிட்டான்"னு சொல்லிட்டாரு. அப்போலேருந்து ஜபருல்லா மனைவி சலேஹா, தெருவுல வண்டிச் சத்தம் கேட்டா போதும், கதவைத் திறந்து பார்த்துட்டே இருப்பா. பாவம்.

அது நோன்பு மாசம். பள்ளிவாசல் பின்னால கொட்டகையில இஸ்மாயில் நோன்புக் கஞ்சி கிண்டிட்டிருந்தான். சாயங்காலத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லியாச்சு. கூட இருந்தவங்க எல்லாம் தொழப் போயிட்டாங்க. கஞ்சி அடிப்பிடிச்சிடும்னு இவன் மட்டும் நின்னான். வெளியே அடைமழை. தகரக் கூரை தடதடன்னு அதிருது. நாக்கு வறண்டு, கால் கெஞ்சுது. எப்படா பொழுது சாஞ்சு மக்ரிபு வரும், நோன்பு திறக்கலாம்னு இருந்துச்சு.

"தம்பி... தண்ணி."

திரும்பிப் பார்த்தா ஜபருல்லா.

"அல்லா! எப்ப அண்ணே வந்தீங்க?" சந்தோஷத்துல அகப்பையை அண்டாவுக்குள்ளேயே விட்டுட்டான் இஸ்மாயில்.

ஜபருல்லா பெஞ்சில உட்கார்ந்தாரு. மூலையில இருந்த தண்ணிப் பானையையே பார்த்தாரு.

"நோன்பு இல்லையா அண்ணே?"

"பயணத்துல இருக்கேன்."

பயணத்துல இருக்கிறவனுக்கு நோன்புல சலுகை உண்டு, சரிதான். ஆனா இவர் வீடு கூப்பிடு தூரம்லா!

"ஊருக்கே வந்துட்டீங்க, இன்னும் என்ன பயணம்?"

"இன்னும் வந்து சேரல."

அசதியில உளர்றாருன்னு இஸ்மாயில் நினைச்சான். கோப்பையில மொண்டு கொடுத்தான். ஒரே மடக்கு. இன்னொண்ணு. மறுபடியும். மொண்டு மொண்டு இஸ்மாயில் கை ஓஞ்சது. அவர் உதடு மட்டும் வெடிச்சபடியே இருந்துச்சு. ஈரமே ஏறலை.

"நாளைக்கு நீ போறியாமே?"

"ஆமாண்ணே. அங்க எப்படி இருக்கும்? கொஞ்சம் சொல்லுங்களேன்."

"பகல்ல மணல் கொதிக்கும். ராத்திரி பல்லு கிட்டும். தூரத்துல தண்ணி தெரியும், கிட்டப் போனா இருக்காது. மான் நம்மளைப் பார்த்துட்டு நிக்கும். ஓடாது. துரை ரொம்ப தூரத்துலேருந்து சுடுவாரு. அடி படும்... விழாது. நடந்து போய்ட்டே இருக்கும்."

"அப்புறம்?"

"உயிர் இருக்கும்போதே அறுத்தாத்தானே ஹலால்? கத்தி உன் கையில இருக்கும். 'ஓடு, ஓடு'ன்னு பின்னால கத்துவாங்க. நீ ஓடுவே. தண்ணிப் பையை எடுக்க மறந்துடுவே..."

இதைச் சொல்லும்போது அவர் கையைப் புருவத்து மேல வச்சுக் கண்ணைச் சுருக்கினாரு. உச்சி வெயில்ல நிக்கிறவங்க செய்வாங்களே, அப்படி. கொட்டகையில மழை இருட்டு.

அப்பதான் இஸ்மாயில் கவனிச்சான். அவ்வளவு மழையில வந்தவர் சட்டையில ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"நீங்க மானை எட்டிட்டீங்களா அண்ணே?"

"எட்டிட்டேன். பிஸ்மில்லா சொல்லி அறுத்தேன். நிமிர்ந்து பார்த்தேன்..."

கொட்டகையைச் சுத்திமுத்திப் பார்த்தாரு.

"தம்பி, கிப்லா எந்தப் பக்கம்?"

இதே பள்ளியில முப்பது வருஷமா அந்தத் திசை பார்த்துத் தொழுத மனுஷன் கேக்குற கேள்வியா?

இஸ்மாயில் மேற்கைக் காட்டினான்.

"நீ ஓடாதே"ன்னாரு ஜபருல்லா.

சொர்ர்... அண்டாவுல கஞ்சி பொங்கிக் கொள்ளியில விழுந்துச்சு. இஸ்மாயில் திரும்பினான். கொள்ளியை இழுத்தான்.

மறுபடி பார்த்தான்.

பெஞ்சு காலி.

தொட்டான்... சுட்டது.

கையில மணல்.

நோன்பு திறந்த கையோட சலேஹா வீட்டுக்கு ஓடினான். "அக்கா, அண்ணே வந்தாரா?" அவ முகம் அப்படியே மலர்ந்துச்சு. "வந்துட்டாரா? எங்க தம்பி? எங்க?" இவனுக்கு ஏன்டா கேட்டோம்னு ஆகிப்போச்சு.

காலையில துரைகிட்ட வரலைன்னு சொல்லிட்டான். துரை கத்தின கத்துக்கு கப்பல் துறையே திரும்பிப் பார்த்துச்சு. கடைசி நேரத்துல லாரன்ஸை ஏத்திட்டுப் போனாரு. லாரன்ஸ் மாதாகோயில் பக்கத்து ஆளு, நல்ல சமையல்காரன். இஸ்மாயில் திரும்பவும் கம்பைத் தூக்கினான். ஒவ்வொரு நடைக்கும் தோளு அவனைத் திட்டுச்சு.

மாசக்கணக்கா ஒரு சேதியும் இல்லை. அப்புறம் ஒருநாள் லாரன்ஸ் வந்து நின்னான். பாதி ஆளாயிருந்தான். துரை வரலை.

"அடிபட்ட மான் நடந்து போச்சு இஸ்மாயில். ஒட்டகக்காரங்க பின்னால போக மாட்டேன்னுட்டாங்க. போன வருஷச் சமையல்காரரு அந்த இடத்துலதான் கத்தியோட ஓடினாராம். அவரு ஏடன்ல எல்லாம் தங்கலை. அவரு திரும்பி வர்றதுக்குள்ள துரை கூடாரத்தைக் கிளப்பச் சொல்லிட்டாராம். இந்தத் தடவை துரையே போனாரு. நேரமாகியும் காணோம்னு தேடிப் போனோம். மான் கிடந்துச்சு. கழுத்து அறுத்து, தலை கிப்லா பக்கம். ரத்தம் காயலை. துரைகிட்ட கத்தியே கிடையாது."

"துரை?"

"பூட்சுத் தடம் இன்னும் உள்ளே போச்சு. பக்கத்துலயே ஒரு வெறுங்கால் தடம். கொஞ்ச தூரத்துல காத்து ரெண்டையும் மூடிடுச்சு."

லாரன்ஸ் சிலுவை போட்டுக்கிட்டான்.

"கூடாரத்துக்குத் திரும்பினோம். தண்ணிப் பை அத்தனையும் வத்திக் கிடந்துச்சு. ஒரு கட்டும் அவிழலை. ஒரே ஒரு பை மட்டும் ததும்பத் ததும்ப இருந்துச்சு. அதை வச்சுத்தான் உயிரோட கிணறு வந்து சேர்ந்தோம்."

"யாரு பை?"

"சமையல்காரனுக்குன்னு கட்டின பை."